பலூனுக்கு இரை போட்ட ஊர்

சங்குமுனையில் பலூனுக்குப் பசி எடுத்தது ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலையில். அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் காவல்காரி பிரகாசி. கொட்டகைப் பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தபோது, இருட்டுக்குள்ளிருந்து, வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போன பிள்ளையின் வயிறு இரைகிற மாதிரி, அந்தப் பிள்ளை தேர் அளவுக்கு வளர்ந்திருந்தால் எப்படி இரையுமோ அப்படி, நீளமாக ஒரு சத்தம் எழுந்து உருண்டு அடங்கியது. அதன் பின்னாலேயே ஓர் ஏப்பம் வந்தது. ஏப்பத்தோடு வந்த வாடை தாங்காமல் பிரகாசி வெளியே ஓடி, வேலி ஓரமாக உட்கார்ந்து, காலையில் குடித்த காப்பியைக் கக்கினாள்.

திருவிழாவில் குச்சியில் கட்டி விற்கிற பலூன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் உலகப்போர் சமயத்தில், கடலுக்கு அடியில் ஒளிந்து வருகிற எதிரிக் கப்பல்களை ஆகாயத்திலிருந்து பார்த்துக் காட்டிக்கொடுப்பதற்காக வெள்ளைக்காரன் செய்து அனுப்பிய ராணுவப் பலூன் அது. சுரைக்காய் வடிவம், மாதா கோயில் கோபுரத்தைப் படுக்க வைத்தால் வருகிற நீளம், அடியில் இரண்டு சிப்பாய்கள் உட்கார ஒரு தொட்டில், தொட்டிலுக்குப் பின்னால் ஒரு காற்றாடி. துணியில் அடைத்த வாயு கசிந்துவிடும், குடலில் அடைத்தால் கசியாது என்று எவனோ கண்டுபிடித்துச் சொன்னானாம். அதனால் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வை உரித்து, சுரண்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, லட்சம் மாடுகளின் வயிற்றைக் கொண்டு அந்த ஒற்றை வயிற்றைச் செய்தார்கள். இத்தனை மாடுகளைத் தின்று பிறந்த அது, போர் முடியும்வரை ஓர் எதிரிக் கப்பலைக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை திமிங்கிலத்தை எதிரி என்று நினைத்துக் குண்டு போட்டது. திமிங்கிலம் செத்துக் கரை ஒதுங்கியதில் சங்குமுனை ஒரு மாதம் நாறியது. ராணுவச் சாதனை என்று பார்த்தால் அவ்வளவுதான். பிறகு வாயுவைத் திறந்துவிட்டு, மடித்து, தகரக் கொட்டகையில் போட்டுவிட்டு வெள்ளைக்காரன் போய்விட்டான். நம் ஆட்கள் வந்து, பாதுகாக்கப்பட்ட சின்னம், கை வைத்தால் தண்டனை என்று நீலப் பலகை மாட்டினார்கள்.

பாதுகாப்பு என்றால் பிரகாசிதான். வருஷா வருஷம் அடைமழைக்கு முன்னால் அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, சவ்வோடு சவ்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தொல்லியல் துறை அனுப்புகிற சீமைச்சுண்ணப் பொடியைத் தூவி, மறுபடி மடித்து வைக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்த முதல் வருஷத்தோடு அவள் குடல்கறி சாப்பிடுவதை விட்டாள். இந்த வருஷம் பொடி வரவில்லை. காப்பாட்சியர் உமையொருபாகம் மதுரையிலிருந்து போன் போட்டு, "ஆடிட் வருதும்மா, வெள்ளையா நைஸா எதையாவது தூவி வைங்க, யாரு நக்கியா பார்க்கப் போறாங்க" என்றார். சங்குமுனையில் ஒட்டாமல் இருக்க எதற்கும் தூவுவது அரிசி மாவுதான். பிரகாசி ரேஷன் பச்சரிசியை மில்லில் கொடுத்துத் திரித்து, சலித்து, ஒரு மடிப்பு விடாமல் தூவிவிட்டாள். நூறு வருஷம் பட்டினி கிடந்த குடலுக்குள் இப்படித்தான் முதல் கவளம் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அது மாவு முழுவதையும் உறிஞ்சிவிட்டு, தன் சொந்த வாயுவிலேயே ஊதி, கொட்டகைத் தகரத்தை முதுகால் நெம்பித் தள்ளிவிட்டு, பழைய கம்பிக் கயிறு விட்ட உயரம்வரை எழும்பி, பனைமரத் தலைக்கு மேலே நின்றது. வாயு அடைப்பதற்காக வைத்த துணிக்குழாய் தரைக்குச் சற்று மேலே தொங்கி, திறந்து திறந்து மூடியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும், சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தபிறகு ஒருவர், "என்ன திங்கும்?" என்று கேட்டார். அந்த ஊர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஏன், எப்படி என்றெல்லாம் கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை.

மறுநாள் ஒரு கல்யாண வீட்டு எச்சிலையைக் கூடையோடு கொண்டுபோய்க் குழாய்க்கு அடியில் வைத்தார்கள். இலை, எலும்பு, பாயசம் ஒட்டிய காகிதக் கோப்பை, கூடை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டது. அடுத்த நாள் மீன் ஏலக்கூடத்துச் செதிலும் செவுளும் போயின. அதற்கடுத்து, கடற்கரையில் மலையாகக் கிடந்த ஊர்க்குப்பை ஒரே வாரத்தில் காலியாகி, அங்கே ஓர் இடம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. பேரூராட்சித் தலைவர் பெர்க்மான்ஸ் கர்வாலோ குப்பை லாரியை நிறுத்தினான், பலூன் பராமரிப்புக் கமிட்டி போட்டான், தானே தலைவன் ஆனான், தெருவுக்கு ஒரு நாள் என்று இரை முறை வைத்தான். முறை வீட்டுக்காரர் முதலில் முதல் தண்ணி என்று ஓர் அண்டா கஞ்சியைக் குழாயில் ஊற்ற வேண்டும், அதன் பிறகுதான் இரை. இதை யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, ஆனால் ஒரு மாதத்துக்குள் அது காலங்காலமாக இருக்கிற வழக்கமாகிவிட்டது. குழாயில் கை வைக்கும் உரிமை முறை வீட்டுக்கு மட்டும்தான்.

வாடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழுகிய முட்டையும் ஊறிய தோலும் பழைய மீன் தண்ணீரும் சேர்ந்த வாடை அது. முதல் வாரம் எல்லோரும் முகத்தில் துண்டு கட்டினார்கள், இரண்டாம் வாரம் துண்டை அவிழ்த்தார்கள், பிறகு அதற்கு ஊர் வளத்தின் மணம் என்று பெயர் வைத்தார்கள். பலூனின் அடிவயிற்றிலிருந்து மஞ்சளாக ஒரு வழவழப்பு சொட்டிக்கொண்டே இருந்தது. அதைச் சொம்பில் பிடித்து மூட்டுவலிக்குத் தேய்த்தார்கள், தேய்த்தவர்கள் குணமானதாகச் சொன்னதும் குழந்தைகளின் நெற்றியில் வைத்தார்கள். புதுமணத் தம்பதிகள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், படத்தில் மணமகளின் தலையில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்திருந்தால் அது யோகம். உமையொருபாகம் வந்து, உயிரோடு இருக்கும் உலகின் ஒரே ராணுவச் சின்னம் என்று கட்டுரை படித்து, பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார். பழைய போர்ப் பலூன்களைத் தேடி நாடு நாடாகத் திரிகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, சவ்வில் கன்னத்தை வைத்து அழுதார். திரும்பும்போது கன்னம் முழுக்க வழவழப்பு, அதைத் துடைக்கக்கூட இல்லை. பிரகாசி வீட்டுக்குப் போய் மூன்று தரம் தலைக்குக் குளித்தாள். அவளுக்கு மட்டும் அந்த வாடை பழகவில்லை. பழகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அவள் வீட்டிலும் ஒரு வாடை இருந்தது. அவள் புருஷன் செலஸ்டின் சங்கு குளித்தவர், மூச்சைப் பிடித்து ஆழக்கடலுக்குள் போய் வந்த ஆள். சர்க்கரை நோய் வந்து, இடது காலில் ஒரு சங்கு ஓடு கிழித்த காயம் ஆறாமல், இரண்டு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். காலையும் மாலையும் அவள் வெந்நீரில் புண்ணைக் கழுவி, சீழை ஒற்றி எடுத்து, வேறு துணி கட்டினாள். பலூனின் சொட்டை முகத்தில் பூசிக்கொண்டு வருகிறவர்கள், அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தினார்கள். கோயிலில் செலஸ்டினை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்த வரிசையே எழுந்துபோனது. இட்லிக்காரி, "உங்க வாசப்படி மட்டும் ஏற முடியலக்கா, கொமட்டுது" என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் கையில் அப்போதும் ஒரு சொம்பு வழவழப்பு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கப் பிரகாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை பிறந்ததும் ஊரில் குப்பை தீர்ந்துபோனது. இது எந்த ஊருக்கும் நடக்காத கஷ்டம். பலூன் பசியில் முனகியது, கம்பிக் கயிற்றை இழுத்தது, அதன் முனகலில் கூரை ஓடு அதிர்ந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் நம் கதி என்ன என்று எல்லோருக்கும் கவலை வந்தது. வீடு வீடாக, வேண்டாதது எது என்று தேடினார்கள். உடைந்த பீரோ போனது, செத்தவர்களின் படுக்கை போனது, கல்யாணப் போட்டோவில் பிடிக்காத சம்பந்தியின் பாதி போனது, தெருநாய்கள் போயின. வேண்டாததைத் தேட ஆரம்பித்துவிட்டால் கண்ணுக்குப் படுவதெல்லாம் வேண்டாததாகத்தான் தெரியும்.

மாசியில் ஒரு சாயங்காலம் பெர்க்மான்ஸ் கமிட்டி ஆட்கள் நால்வரோடு பிரகாசி வீட்டுக்கு வந்தான். கையில் ஆப்பிளும் ஆர்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன. மற்ற நால்வரும் வாசலோடு நின்றுகொள்ள, அவன் மட்டும் நாற்காலியின் நுனியில், கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளறையில் செலஸ்டின் விழித்துக்கொண்டுதான் கிடந்தார்.

"யக்கா, வர்ற ஞாயிறு உங்க தெரு முறை. உங்க வீட்டுலதான் ஆரம்பம்" என்றான்.

"தெரியும்."

"அண்ணன் ரொம்பக் கஷ்டப்படுதாவ. பாக்க மனசு கேக்க மாட்டேங்கு."

"நீங்க எப்ப பாத்தீய தம்பி? இந்தப் பக்கம் வந்தா மூக்கப் பொத்திக்கிட்டுல்ல போறீய."

பெர்க்மான்ஸ் அதைக் காதில் வாங்காதவன் மாதிரி, கொண்டுவந்த ஆப்பிள்களை ஒரு தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "உள்ள போனவங்களுக்கு வலியே கிடையாதுக்கா. மெத்துனு இருக்குமாம். வெதுவெதுனு இருக்குமாம். நமக்கும் நிம்மதி, அவுகளுக்கும் நிம்மதி."

"போனவங்கன்னா யாரு?"

"நீங்க ஒண்ணும் மொத ஆளு இல்லக்கா. பேரு சொல்லக் கூடாது. ஊருல ஆறு வீட்டுல குடுத்துருக்காங்க. எதுக்குச் சொல்லுதேன்னா, நான் எங்க அப்பாவையே குடுத்தவன்."

பெர்க்மான்ஸின் அப்பா தஸ்நேவிஸ் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பதாகத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. படுக்கையை நனைக்கிற பெரியவரை மகளாவது பார்க்கிறாளே என்று பிரகாசிகூட ஒரு நாள் நினைத்திருந்தாள்.

"நான்தான் தோளுல தூக்கிட்டுப் போனேன்" என்றான் பெர்க்மான்ஸ். "போற வழியில என் தோளையே நனைச்சுட்டாரு, பாத்துக்கோங்க." அவன் கை தானாக வலது தோளுக்குப் போய் அதைத் துடைத்தது. எத்தனையோ சலவை கண்ட சட்டை அது. பிரகாசிக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனையோ அசிங்கத்தை அள்ளியிருக்கிறாள், மீன் அழுகலை அள்ளியிருக்கிறாள், புருஷனின் சீழைத் துடைத்த விரலால் உடனே சோறு பிசைந்திருக்கிறாள், எதற்கும் வராத ஓர் அருவருப்பு அவள் நாக்கின் அடியில் புளிப்பாகச் சுரந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றாள்.

"கமிட்டி தீர்மானம் போட்டாச்சுக்கா. நீங்களா கொண்டுவந்தா மரியாதை. மேளம், மாலை எல்லாம் உண்டு. இல்லனா பையனுவ வந்து தூக்குவானுவ. யோசிச்சுச் சொல்லுங்க." எழுந்தவன் வாசலைத் தாண்டியதும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனான்.

அவர்கள் போனபிறகு உள்ளறையிலிருந்து செலஸ்டின் சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏட்டி, அந்தச் சனியனுக்கு என்னப் போட்டா அதுக்குத்தான் பேதியாகும்."

பிரகாசிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணை ஒற்றினாள். பிறகு, "யேங்க, சின்னப்புள்ளயில முழுப்பரீட்சை லீவு விட்டதும் உங்க வீட்டுல என்ன குடுப்பாவ?" என்று கேட்டாள்.

"அவுரித் தண்ணி. வேற என்ன? கருப்பட்டியப் போட்டு ஏமாத்திக் குடுப்பாவ. அன்னைக்குப் பூரா கொல்லையிலதான் கெடப்போம்."

அந்தப் பக்கத்தில் அவுரி இலைக்குப் பஞ்சமே இல்லை. செம்மணல் தேரிக்காட்டில் விளைவதைக் காயவைத்து, மூட்டை கட்டி, வெளிநாட்டுக்காரனின் மலச்சிக்கலுக்குக் கப்பல் ஏற்றுகிற குடோன் ஒன்று ஊரிலேயே இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்கி மூலையில் குவித்து வைத்திருக்கிற உதிரி இலையையும் காயையும், பலூனுக்கு இரை என்று சொல்லி, பிரகாசி சாக்குச் சாக்காக வாங்கிக்கொண்டு வந்தாள். நல்ல காரியம் என்று குடோன்காரர் தள்ளுவண்டியும் கொடுத்தார். சனிக்கிழமை முழுவதும் கொல்லையில் கல் அடுப்பு மூட்டி, கல்யாண அண்டாவில் இலையைப் போட்டுக் கொதிக்க வைத்து, வற்ற வைத்து, வடித்து, மறுபடி இலையைப் போட்டு, கடைசியில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு இறக்கினாள். "கொண்டுவாறேன்" என்று கமிட்டிக்கும் சொல்லி அனுப்பினாள். முறை வீட்டுக்காரியாகப் போனால்தான் குழாய்க்குப் பக்கத்தில் விடுவார்கள், முறை வீட்டுக்காரியாகப் போக வேண்டுமென்றால் செலஸ்டின் நாற்காலியில் இருந்தாக வேண்டும். மருந்து வேலை செய்யாவிட்டால் அவர் உள்ளே போவார். "பெரிய கடலுக்குள்ளயே போயிட்டு வந்தவன் நான், மூச்சப் பிடிச்சுக்கிடுதேன், போ" என்றார் செலஸ்டின். அதைச் சொல்லும்போது அவர் கை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் மேளம் வந்தது. செலஸ்டினுக்கு ரோஜா மாலை போட்டு, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்கள் நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார்கள். கொட்டகைத் திடலில் ஊரே கூடியிருந்தது. பெர்க்மான்ஸ் சொட்டு படாத தூரத்தில், பந்தலுக்குள், வெள்ளை வேட்டி சட்டையில் நின்று, பலூனின் போர்ச் சேவையைப் பற்றியும் செலஸ்டினின் பெருந்தன்மையைப் பற்றியும் மைக்கில் பேசினான். பிரகாசி முதல் தண்ணி அண்டாவைத் தள்ளுவண்டியோடு குழாய்க்கு அடியில் நிறுத்தி, துணிக்குழாயின் ஈரமான உதட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, அண்டாவுக்குள் விட்டாள். அது கொழகொழவென்று விரலைச் சுற்றியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடாமல் பிடித்திருந்தாள்.

கருப்பட்டி ருசியில் அது அண்டாவை நக்கிக் காலி செய்தது. "பாருங்க, ஆசையா குடிக்குது" என்றான் பெர்க்மான்ஸ் மைக்கில். கூட்டம் கைதட்டியது. மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்ட, நான்கு பேர் செலஸ்டினின் நாற்காலியைத் தூக்கிக் குழாயை நோக்கி நகர்ந்தார்கள், குழாய் நீண்டு வந்து அவருடைய மாலையை மோந்து, மாலையை மட்டும் உருவி உள்ளே இழுத்தது, பிறகு அவர் தோளைத் தொட்டது. பிரகாசி நாற்காலியின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மேலே, அந்த லட்சம் மாடுகளின் வயிற்றுக்குள், இடி உருளுகிற மாதிரி ஒன்று தலைமாட்டிலிருந்து வால்மாட்டுக்கு உருண்டு போனது. பலூன் ஒரு தரம் சிலிர்த்தது. குழாய் செலஸ்டினை விட்டுவிட்டு, தன்னைத் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை.

பிறகு நடந்ததை விளக்கமாகச் சொன்னால் கேட்பவர் சாப்பிட மாட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது எல்லாவற்றையும் விட்டது. குழாய் வழியாக விட்டது போதாமல் தையல் தையலாகப் பிரிந்து விட்டது, கயிற்றின் நீளத்துக்குச் சுழன்று சுழன்று தெருத் தெருவாக விட்டது. ஐந்து மாதமாக ஒன்றையுமே அது செரித்திருக்கவில்லை. மாடு செய்வதைப்போல வாங்கி வாங்கி உள்ளே வைத்திருந்தது, சாவகாசமாக அசைபோடலாம் என்று. கல்யாண இலை பச்சை மாறாமல் விழுந்தது, ஒட்டியிருந்த பாயசத்தோடு காகிதக் கோப்பை விழுந்தது, பீரோ கதவு திறந்தபடி விழுந்தது, தெருநாய்கள் உடம்பெல்லாம் வழவழப்போடு விழுந்து எழுந்து குரைத்தன. எல்லாவற்றுக்கும் பிறகு, சரிவாகத் தொங்கிய குழாய் வழியாக, ஒருவர் பின் ஒருவராக, ஆறு கிழவர்களும் கிழவிகளும் உயிரோடு வழுக்கிக்கொண்டு வந்து திடலின் நடுவில் உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவர் தஸ்நேவிஸ். காலியான பலூன், ஈர வேட்டி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி சரிந்து, உப்பளத்துப் பக்கம் போய் விழுந்து கிடந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயிலில் கண் கூசி, முடியிலும் காதிலும் மஞ்சள் வடிய, ஆறு பேரும் சேற்றுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் முழுவதும் சுற்றி நின்றது. ஊர் முழுவதும் மூக்கைப் பொத்தியிருந்தது. தன் தாயைப் பார்த்தவளும் பொத்தியிருந்தாள், தன் மாமனாரைப் பார்த்தவனும் பொத்தியிருந்தான், ஒருவரும் ஓர் எட்டு முன்னால் வைக்கவில்லை. பிரகாசி நாற்காலியில் இருந்த செலஸ்டினின் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, கொட்டகைத் தண்ணீர்க் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து, தஸ்நேவிஸ் கிழவருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை நனைத்து முதலில் அவர் கண்ணைத் துடைத்தாள், பிறகு வாயை.

பெர்க்மான்ஸுக்கு ஊர் பார்க்கிறதே என்று இருந்திருக்க வேண்டும். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, பந்தலிலிருந்து இறங்கி, சுத்தமான இடமாகப் பார்த்துக் கால் வைத்து, "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். தஸ்நேவிஸ் நிமிர்ந்து பார்த்தார். மகனை அடையாளம் தெரிந்தது. அவன் நெருங்க நெருங்க அவர் முகம் சுருங்கியது, தோள் குலுங்கியது, உள்ளே இருந்த அத்தனை மாதமும் வராத ஓங்கரிப்பு வந்து, ஒரு கையால் தரையை ஊன்றிக்கொண்டு வெறும் வயிற்றைக் கக்கினார். பிறகு பிரகாசியின் ஈரத் தலைப்பைப் பிடித்து இழுத்துத் தன் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டார்.

"தாயி, இவன அங்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். "நாத்தம் தாங்கல."

பெர்க்மான்ஸ் நின்ற இடத்திலேயே குனிந்து தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, அதில் ஒரு சொட்டுகூடப் பட்டிருக்கவில்லை.